ஸ்கூட்டரில் நான் போட்ட மூன்று கீறல்கள்

ஸ்கூட்டரைக் கராஜில் கொடுப்பதற்கு முதல் நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பாவின் அரத்தைத் தேடி எடுத்தேன். தூண்டில் முனை தீட்டுகிற சின்ன அரம். ஸ்கூட்டரின் பக்க மூடியைக் கழற்றி, காபரேட்டரின் அடியில் ஒரு கீறல் போட்டேன். சிலிண்டரின் விளிம்பில் ஒன்று. பெல்ட் ஓடுகிற பெட்டியின் உள்பக்கத்தில் ஒன்று. நகத்தால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. மூன்றையும் போனில் படம் எடுத்துவிட்டு, புதுக்கீறல் பளபளக்காமல் இருக்க மேலே கொஞ்சம் பழைய கிறீஸைத் தடவினேன்.

வாப்பா கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைலன்சர்லயும் ஒன்டு போடு மகன்."

"அதையெல்லாம் மாத்த மாட்டான் வாப்பா. கராஜ்காரன் என்னோட படிச்சவன்."

"மாத்துறவன் ஒன்னோட படிச்சிருக்க மாட்டானா?"

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா சிரித்தது கேட்டது. "ஒங்க வாப்பாவ உட்டா ஸ்கூட்டர்ர டயருக்குள்ள இரிக்கிற காத்துக்கும் அடையாளம் போடுவாரு."

வாப்பாவுக்கு அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் இருந்தது. மன்னாரிலிருந்து வந்து புத்தளத்துக் கரைத்தீவில் குடியேறி, எப்படியோ ஒரு பழைய போட் எஞ்சினைத் தேடிக்கொண்ட காலத்தில், அதை எங்கேயோ திருத்தக் கொடுத்திருக்கிறார். எஞ்சின் திரும்பி வந்தது. உள்ளே இருந்த நல்ல சாமான்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பருவத்தில் மீன் பட்ட நாட்களில் பாதியை அவர் கரையில் உட்கார்ந்தே கழித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துடுப்பிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை எல்லாவற்றிலும் மூன்று கீறல் இருக்கும். வாப்பாவுக்கு எழுதத் தெரியாது. நான் பட்டம் எடுத்தவன். அடையாளம் போட வேண்டி வந்தபோது எனக்கும் அந்த மூன்று கீறல்தான் வந்தது.

ஏன் கராஜுக்குக் கொடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு நியமனம் கிடைத்தது எலுவன்குளத்துப் பக்கம், காட்டோரத்தில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காலை ஏழரைக்கு அதிபர் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு அடித்துவிடுவார். பிந்தி வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கையெழுத்து வைத்து வேலைக்குப் போகிற முதல் ஆள் நான்தான். அந்தக் கையெழுத்து கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள் சிவப்புக்குக் கீழே கிடந்தது.

நேரத்தோடு புறப்பட்டால் என்ன என்று கேட்கலாம். அந்தப் பாதையில் நன்றாக வெளிச்சம் வருமுன் யானை நிற்கும். வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டால் நேரம் போதாது. என்னுடையது யாரோ ஓட்டிக் களைத்த பிறகு என் கைக்கு வந்த சின்ன ஸ்கூட்டர். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நேர் எதிரே அடிக்கும். நான் முழுக்க முறுக்கிப் பிடித்திருப்பேன், ஸ்கூட்டர் மாட்டு வண்டியைப் போல உறுமிக்கொண்டு போகும். வயலுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் என்னோடு கொஞ்ச தூரம் கதைத்துக்கொண்டே வருவார்கள்.

பாலாவியில் கராஜ் வைத்திருப்பவன் என் நண்பன். சாதாரண தரம் வரை என் பக்கத்துக் கதிரையில் இருந்தவன். கணக்குப் பாடத்தில் நான் அவனுக்குக் காட்டுவேன், என் சைக்கிள் செயினை அவன் கொளுவித் தருவான். பிறகு நான் உயர்தரத்துக்குப் போனேன், அவன் புத்தளத்தில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். சில வருடங்களில் அந்தக் கராஜிலிருந்து அவனை நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளிலிருந்து நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதைப் பூட்டிவிட்டான் என்று கதை. உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் நான் கேட்டதில்லை. பிறகு பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு, அவனே சொந்தமாகத் தொடங்கினான்.

நான் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"கொண்டு வா மச்சான். ஒன்னப் போல ஒரு பள்ளிக்கூட சேர் என்ட கராஜுக்கு வாறான்டா எனக்குப் பெரிய விஷயம். இப்பதான்டா சனம் பழசை மறக்குது. இன்னொருக்கா ஒருத்தன் வாய் தொறந்தா நான் கொட்டில மூடிட்டு உப்பளத்துக்குத்தான் போகணும்."

அவன் இதைச் சொன்ன மறுநாள்தான் நான் அரத்தைத் தேடி எடுத்தேன்.

சனிக்கிழமை விடியவே போய்விட்டேன். கொட்டிலுக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து, வேலை முடியும் வரை கண் எடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அவன் பேசிக்கொண்டே வேலை செய்தான்.

"ஒனக்கு ஓட்டப் பந்தயம் ஓட வேணாம் மச்சான். காத்துக்கு எதிர்ல இழுவை வேணும். அவ்வளவுதான்."

பெல்ட் பெட்டியைத் திறந்து, பெல்ட் சுற்றுகிற முன் கப்பிக்குள் கிடந்த ஆறு சின்ன உருளைகளை எடுத்து என் கையில் வைத்தான். தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தன. அவற்றுக்குப் பதிலாக இலேசான உருளைகள் போட்டான். உருளை இலேசாக இருந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், இழுக்கும் சக்தி கூடும் என்று விளக்கினான். பெல்ட்டும் புதிது. காபரேட்டரில் பெற்றோல் வருகிற துவாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினான், அதாவது ஜெட் என்கிற, நடுவில் பெரிய துவாரமுள்ள ஒரு குட்டி ஆணியை மாற்றிப் பூட்டினான். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போட்டு என் காலடியில் வைத்தான். பழைய சாமானைத் திருப்பித் தருவது எல்லாக் கராஜிலும் வழக்கம்தான். ஆனால் அவன் ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே காட்டிப் போட்டான். ஏன் இவ்வளவு காட்டுகிறான் என்று எனக்குள் ஒரு யோசனை ஓடியது.

"பெற்றோல் முந்தியப் பாக்கக் கூடக் குடிக்கும். அதைப் பத்திப் புறகு என்னைக் குத்தஞ் சொல்லாத," என்றான்.

பிறகு எஞ்சினின் மேல் பகுதியைக் கழற்றினான். உள்ளே கரி படிந்திருந்தது. அதைச் சுரண்டத் தொடங்கினபோது மதிய லுஹருக்குப் பாங்கு சொன்னது.

"நீ போய்த் தொழுதுட்டு, அப்படியே சாப்பிட்டுட்டு வா. நான் இதை இப்புடித் தொறந்து போட்டுட்டு வர ஏலாது. புறகு தனியாத் தொழுவன்."

போனேன். தொழுகையில் நிற்கும்போது திறந்து கிடந்த அந்த எஞ்சின்தான் மனதில் இருந்தது. சாப்பாட்டுக் கடையில் சனம். திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. எஞ்சின் மூடியிருந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சு. வால்வையும் பாத்து வெச்சிட்டன். ஏன், பாக்க இருந்தியா?"

"இல்ல, சும்மா."

அவன் கை கழுவப் போன நேரத்தில் குனிந்து மூன்று கீறலையும் நகத்தால் தடவினேன். மூன்றும் இருந்தன. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பிஸ்டனில் நான் கீறல் போடவில்லையே என்ற எண்ணம்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டர் பறந்தது என்றால் பொய். ஆனால் இழுத்தது. வாடைக்காற்று முகத்தில் அடிக்க, மண்பாதைத் திருப்பத்தில் முறுக்கினேன். இடுப்பில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல முன்னே போனது. சைக்கிள்காரர்கள் பின்னால் நின்றுபோனார்கள். இடாப்பில் கையெழுத்து வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதிபர் அடிமட்டத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். என் பெயர் மேலே இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் மேலேயே இருந்தது.

முதல் சில நாள் அவன் சொன்னபடி பெற்றோல் கூடக் குடித்தது. அடிக்கடி பெற்றோல் ஷெட்டுக்குப் போனேன். பிறகு பார்த்தால், நான் அடிக்கிற பெற்றோல் குறையவே மாட்டேன் என்கிறது. என் ஸ்கூட்டரின் பெற்றோல் முள் எப்போதோ செத்துவிட்டது, சீட்டைத் தூக்கி டாங்கிக்குள் எட்டித்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் பாதிக்கு மேலே கிடக்கும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குச் சந்தேகம் வந்தது. கூடக் குடிக்கும் என்றவன், ஏன் கூடக் குடிக்கவில்லை? அந்தக் குட்டி ஆணியை உண்மையாகவே மாற்றினானா? என் முன்னால் ஒன்றைக் காட்டிவிட்டு, நான் தொழப் போன நேரத்தில் பழையதையே திருப்பிப் பூட்டிவிட்டானா?

அப்படி யோசித்துக்கொண்டிருந்த மூன்றாம் கிழமையில் புகை தொடங்கியது. பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பின்னால் நீலமாக ஒரு பாதை போட்டது போலப் புகை நின்றது.

"சேர், நுளம்புக்குப் புகையடிச்சுட்டு வாறீங்களா?" என்று பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

இரண்டு நாளில் இழுவை போய்விட்டது. வியாழக்கிழமை காட்டோரத்தில், யானை வழக்கமாகக் கடக்கிற வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், இருமிவிட்டு நின்றது. இறங்கி உதைத்தேன், உதைத்தேன், பற்றைக்குள் ஒவ்வொரு கிளை அசையும்போதும் கழுத்தைத் திருப்பினேன். பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் பூட்டிய பிறகுதான் கிளம்பியது. அன்று கையெழுத்து கோட்டுக்குக் கீழே.

இணையத்தில் தேடினேன். என்னுடையதைப் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது, எஞ்சின் ஓயில் மேலே ஏறி எரிகிறது என்று பார்த்த இடமெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க அந்த லுஹர் நேரம் என் கண் முன்னால் விரிந்தது. எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைத் தொழ அனுப்பிவிட்டு, என்னுடைய நல்ல வளையத்தைக் கழற்றிவிட்டு, யாருடையதோ தேய்ந்ததைப் பூட்டுகிறான். அவன் கையைக்கூடப் பார்த்தேன். நான் பார்க்காத ஒன்றை அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன்.

"நான் சொன்னன் தானே," என்றார் வாப்பா.

சனிக்கிழமை பாலாவிக்குப் போனபோது கராஜில் இன்னொருவரும் இருந்தார். உப்பு லொறி ஓட்டுகிறவர், தன் மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டரை அணைக்காமல் கொண்டுபோய் நிறுத்தினேன். கொட்டில் முழுக்கப் புகை.

"யா அல்லாஹ், என்னடா இது?" நண்பன் ஓடி வந்து திறப்பைத் திருப்பி அணைத்தான். "என்ன செஞ்சாய்?"

"நான் என்ன செஞ்சனா? நீ சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிளக்கைக் கழற்றினான். கறுப்பாக, ஈரமாக இருந்தது. சீட்டைத் தூக்கி, டாங்கி மூடியைத் திறந்து மூக்கை வைத்தான்.

"எங்க பெற்றோல் அடிச்சாய்?"

"ஷெட்ல. வேற எங்க?"

"இல்ல மச்சான். இது போட் பெற்றோல். ஓயில் கலந்து மணக்குது." விரலை நனைத்து என் மூக்குக்கு நீட்டினான். எனக்கு ஒரு வித்தியாசமும் மணக்கவில்லை. "ஒங்க ஊட்டுல போட் இரிக்குதானே? யாராச்சும்..."

இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல இருந்தது எனக்கு. திருடினவன் பெற்றோலில் பழி போடுகிறான். அதுவும் என் வாப்பாவின் பெற்றோலில்.

"என்ட வாப்பாவ இதுல இழுக்காத. நான் தொழப் போன நேரம் எஞ்சினத் தொறந்து வெச்சிருந்தது யாரு? வளையத்த எடுத்தது யாரு? முந்தின கராஜ்ல செஞ்ச அதே வேலய என்னட்டயும் செஞ்சிட்டாய், என்ன?"

லொறிக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவர் எழுந்தார், பாதி கழற்றிய நிலையில் கிடந்த தன் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார்.

"நானா, உங்கட வேல இன்னும் முடியல்ல," என்றான் நண்பன், அவரை அண்ணன் முறை வைத்து.

"பரவாயில்ல தம்பி. அவசரமில்ல. புறகு கொண்டு வாறன்," என்று சொல்லிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார். கழற்றி வைத்திருந்த இரண்டு ஆணிகளைத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

நண்பன் அவர் சந்தி திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு சின்னச் சோடாப் போத்தலைக் கழுவித் துடைத்து, என் டாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் இறக்கி, மூடி என் கையில் தந்தான்.

"நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே சேர். கொண்டு போய்ப் பாருங்க. வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு உடுங்க. நல்ல பெற்றோல்னா காஞ்சு போயிரும். ஓயில் இருந்தா கறை நிக்கும்."

சேர் என்றான். நான் அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். போத்தலைப் பைக்குள் வைத்து, அவன் துடைத்துத் தந்த பிளக்கோடு புகைந்து புகைந்து வீடு வந்தேன்.

வரும் வழியெல்லாம் ஒரே கணக்கு. இந்தப் போத்தலுக்குள் அவனே ஓயில் கலந்திருக்கலாம். அவன் போத்தலைத் துடைத்தது ஏன்? உள்ளே ஏற்கெனவே ஒரு துளி இருந்திருக்கும். சரி, சோதனையை முறையாகச் செய்வேன். போத்தலில் உள்ளது ஒரு தாளில், டாங்கியிலிருந்து நானே எடுத்தது இன்னொன்றில், நல்ல பெற்றோல் மூன்றாவதில். மூன்றையும் படம் எடுத்து அவனுக்கு அனுப்புவேன்.

பின்னேரம் வாப்பா முற்றத்தில் எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பலர் மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள், வாப்பாவுடையது பெற்றோல் எஞ்சின். அதற்குப் பெற்றோலோடு ஓயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலந்தது ஒரு கேன், கலக்காதது ஒரு கேன் என்று வாசலோரம் எப்போதும் இரண்டு நிற்கும்.

"வாப்பா, கலக்காத பெற்றோல் கொஞ்சம் வேணும்."

"என்னத்துக்கு?"

"ஸ்கூட்டர் விஷயமா."

"ஸ்கூட்டருக்குன்டா கலந்ததத்தானே எடுக்கணும்? நான் அதத்தானே ஊத்திட்டு வாறன்."

நான் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்ப ஊத்தினீங்க?"

"நீ மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போற நேரம். ஒரு நாள் சீட்டத் தூக்கிப் பாத்தா டாங்கி அடியில கெடக்கு. காட்டுப் பாதையில போறவன் இப்புடியா போறது? ஸ்கூட்டர்ர திறப்பு செவத்து ஆணியில தொங்குதுதானே. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஊத்துறன். ஓயிலும் தாராளமாத்தான் போட்டிருக்கன். வெறும் பெற்றோல் எஞ்சினக் காய வெச்சிரும்."

நாடே பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடத்திலிருந்து, வீட்டில் ஒரு டாங்கி காலியாக இருப்பதை வாப்பாவால் பார்க்க முடியாது. அது எனக்குத் தெரியும். நண்பன் கைவைத்த பிறகு ஸ்கூட்டர் கூடக் குடித்தது. அதனால் டாங்கி இறங்கியது. இறங்கினதைப் பார்த்து வாப்பா ஊற்றினார். ஊற்றினதால் புகைந்தது. குறையாத பெற்றோல்கூட வாப்பாவின் கையிலிருந்துதான் வந்தது.

மணம் தெரியாமல் போனதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. போட் ஓயில் எரிகிற மணம் எங்கள் வீட்டின் மணம். என் பள்ளிக்கூடச் சட்டைகளிலேயே அது இருக்கும். படிக்கிற காலத்தில் அதைச் சொல்லித்தான் என்னைப் பகிடி பண்ணுவார்கள். பகிடி பண்ணினவர்களோடு அப்போது சண்டைக்குப் போனவன், பாலாவியில் கராஜ் வைத்திருக்கிறவன்தான்.

சோதனையை ஆனாலும் செய்தேன். அந்த நிலையிலும் ஒரு பக்கம் மனது, பெற்றோலும் கலந்திருக்கலாம், வளையமும் மாறியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மூன்று தாள் வைத்தேன். கலக்காத பெற்றோல் விழுந்த தாள் காய்ந்து வெறும் தாளாகிவிட்டது. மற்ற இரண்டிலும் ஒரே அளவான எண்ணெய் வட்டம் நின்றது.

"இது என்ன மகன், பள்ளிக்கூடப் பாடமா?" என்று வாப்பா எட்டிப் பார்த்தார்.

சொன்னேன். ஸ்கூட்டர் எஞ்சினுக்கு ஓயில் வேறு இடத்தில் தனியாக இருக்கிறது, பெற்றோலில் கலந்தால் எரிந்து புகையாகும் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் பொடியன் ஒன்டும் எடுக்கல்லயா?"

"இல்ல வாப்பா."

"நல்லாப் பாத்தியா?" என்றார்.

மறுநாள் ஞாயிறு. பிழை செய்த சிறுபிள்ளை போல ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குள் போனேன். அவன் தனியாக இருந்தான். வாங்கில் யாருமில்லை. "பெற்றோல்தான். வாப்பா ஊத்தியிருக்காரு. எனக்குத் தெரியாது. மாப்புத் தா," என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"இருங்க சேர்," என்றான்.

டாங்கியை முழுவதும் இறக்கினான். காபரேட்டரைக் கழுவினான். புது பிளக் போட்டான். அத்தோடு போதும், ஸ்கூட்டர் ஓடியிருக்கும். ஆனால் எஞ்சினின் மேல் பகுதியைக் கழற்றத் தொடங்கினான்.

"அது வேணாம். நான் நம்புறன்," என்றேன்.

"பாங்கு சொல்ல இன்னும் நேரம் இரிக்கு. எங்கயும் போக வேணாம். பாத்துக்கிட்டே இருங்க."

பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்து, வளையங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஸ்கூட்டர் கம்பனியில் பூட்டி வந்த அதே பழைய பிஸ்டன், அதே வளையம். என் வயதில் பாதி இருக்கும் அதற்கு. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டு, என் கையைப் பிடித்து, என் நகத்தைச் சிலிண்டரின் விளிம்பில் வைத்தான்.

"இதுல ஒன்டு. காபரேட்டருக்கு அடியில ஒன்டு. பெல்ட் பெட்டியில ஒன்டு. கிறீஸ் பூசி வெச்சிருந்த இடத்தை நான் துடைக்காம உட்டன். அழிஞ்சா சண்டைக்கு வருவீங்கண்டு."

"அண்டைக்கே கண்டியா?"

"கழுவப் போனாக் கையில தட்டுப்படும்தானே சேர்."

"அப்ப ஏன் ஒன்டும் சொல்லல்ல?"

"எல்லாரும் போடுறதுதானே. நீங்களும் போடுவீங்கண்டு நெனச்சிருக்கல்ல. அவ்வளவுதான்." ஆணிகளை இறுக்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "முந்தின கராஜ் கதையச் சொன்னீங்களே, நேத்து. இவ்வளவு வருஷமா அத என்னட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கதை உண்மையா பொய்யா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

லொறிக்காரரைத் தேடிப் போனேன். அவருக்குச் சொல்லிவிட்டால் பாதி சரியாகிவிடும் என்று நினைத்தேன். சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் மாட்டினார். முதல் நாள் நான் சொன்னது பிழை, அவன் எதையும் எடுக்கவில்லை, எங்கள் வீட்டில்தான் போட் பெற்றோலை ஊற்றிவிட்டார்கள் என்று முழுவதையும் சொன்னேன். கடையில் இருந்தவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், அவன் உங்களோட படிச்சவனாமே?"

"ஓம்."

"அப்ப சரி."

"இல்ல நானா, நான் நெசமாத்தான்..."

"நான் நம்புறன் சேர். நேத்துச் சண்டை, இண்டைக்குச் சமாதானம். நல்ல விஷயம்தானே. ஸ்கூட்டர எப்புடியும் நல்லாத் திருத்திக் குடுத்திருப்பான்." பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "எங்களோட படிச்சவன் ஒருத்தனும் கராஜ் போடல்ல, அதான் எங்களுக்குப் பெரச்சினை."

கடை சிரித்தது. நான் இன்னும் விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகத்தில் அந்த நம்பாத சிரிப்பு கூடிக்கொண்டுதான் போனது. வல்லாஹி என்று சத்தியம் பண்ணினேன். அந்த இடத்தில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். லொறிக்காரரின் மோட்டார் சைக்கிள் வேறு கராஜுக்குப் போனது.

கராஜ் மூடப்படவில்லை. சில மாதம் வாங்கு காலியாகத்தான் கிடந்தது என்று கேள்வி. ஸ்கூட்டர் நன்றாக ஓடுகிறது. சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைக்கிறேன். வாப்பா கலந்த கேனில் எனக்கென்று ஒரு பெரிய பெருக்கல் குறியும் கீறி வைத்திருக்கிறார், ஸ்கூட்டருக்கு ஆகாது என்பதற்காக.

உருளைகள் திரும்பவும் தேய்ந்து இழுவை குறைந்தபோது பாலாவிக்குத்தான் போனேன். வாங்கில் இரண்டு பேர் இருந்தார்கள். கொட்டிலின் முன்தூணில், கண் உயரத்தில், நைலோன் கயிற்றில் ஒரு அரம் தொங்கியது. எனக்கு முன்னால் வந்த ஒருவர் அதை எடுத்து, தன் மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் எங்கெங்கேயோ கீறிவிட்டு, திருப்தியோடு திரும்பத் தொங்கவிட்டார். நண்பன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்து நின்றான்.

என் முறை வந்தது. அவன் அரத்தைக் கழற்றி நீட்டினான்.

"அடையாளம் போடுங்க சேர்."

"எனக்கு வேணாம்."

"போடாம நான் கை வைக்க மாட்டன். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

வாங்கில் இருந்த இருவரும் என்னையே பார்த்தார்கள். பக்க மூடியைக் கழற்றினேன். பழைய கீறலைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதன் மேலேயே அரத்தை வைத்து, மூன்று இடத்திலும் இழுத்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததா என்று கேட்டான். முடிந்தது என்றேன். பிறகுதான் ஸ்பெனரை எடுத்தான்.